சுவெனிர் கடையில் அம்மா

நுவரெலியா வீதியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டிய கடையில் விற்பனைக்கு நிற்கிறேன். வாசலில் இங்கிலீஷில் ‘சுவெனிர்’ என்று பெரிய பலகை. சுற்றுலா வருபவர்கள் வாங்கிப்போகும் ஞாபகப் பொருளுக்கு அதுதான் பெயர் என்று மட்டுமே எனக்குத் தெரியும். பிரான்சிலிருந்து வந்த ஒரு அம்மையார் பலகையைப் பார்த்துச் சிரித்தார். அது அவர்களுடைய சொல்லாம். நினைத்துக்கொள்வது, நினைவு என்று அர்த்தமாம். இங்கிலீஷ்காரர்கள் கடன் வாங்கிக் கடைச் சரக்குக்கு வைத்துவிட்டார்களாம். போனில் தேடினேன். அதற்கும் முன்னால் லத்தீனில், மனதுக்குள் வந்து சேர்வது என்று இருந்திருக்கிறது. எவ்வளவு நல்ல சொல்! அதற்குத்தான் நாங்கள் விலைச்சீட்டு ஒட்டுகிறோம்.

அன்றே இதை என்னோடு வேலை செய்யும் அக்காவிடம் சொன்னேன். கூடப் பிறக்காத அக்கா. ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். நினைவு என்றதும் அம்மாவின் படத்தையும் காட்டத் தோன்றியது.

அம்மா அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். சுற்றுலா வேன் நின்றால் மற்றப் பெண்கள் படத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். “பாரத்தோட நிக்கிறத ஊரு ஒலகம் எதுக்குப் பாக்கணும்?” என்பார். வேலையிலிருந்து நின்ற கடைசி நாள் மட்டும், தலையில் கொழுந்துச் சாக்கோடு, அவரே என்னைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார். “வீட்டோட இருக்கட்டும், என்ன?” அந்தப் படத்தை அக்கா கேட்டாள். அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துக் கடைக்கு ஒரு பெட்டி வந்தது. பிரித்தால், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்த வில்லைகள். எல்லாவற்றிலும் அம்மா. கீழே ‘சிலோன் சுவெனிர்’.

ஒன்றை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

“மெனேஜர் நல்ல படம் ஒன்னு கேட்டாருடி, குடுத்தேன். ஒங்கம்மா மொகம் நாலு தேசத்துக்குப் போவுது. சந்தோசப்படாம மொறைக்கிற?”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களாக்கா?”

“கேட்டா நீ குடுத்திருப்பியா?”

தெரிந்தேதான் செய்திருக்கிறாள். வேறு யாராவது என்றால் திட்டித் தீர்த்திருப்பேன். இவளோடு ஒரே சோற்றைத் தின்றேனே! மெனேஜரிடம் கேட்டால் வேலை போகும். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள், முதலாவது வில்லையை எடுத்தவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். நல்ல மனிதர்தான். அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெனேஜரின் கதவு திறந்திருந்தது.

“தெரியாது” என்றேன். அம்மாவைக் கடதாசியில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன்.