துடைக்காத கை

திருவாரூர்ப் பக்கம் எங்கள் வயலில் நடவு நட வந்த அந்த அம்மா, எதைத் தொட்டாலும் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் தொடுவார்.

ஒருநாள் வாய்க்கால் தகராறில் ஒருவரின் வயிற்றை அரிவாளால் கிழித்துவிட்டு ஓடினார்கள். வரப்பெல்லாம் ரத்தம். சரிந்த குடலை அந்த அம்மாதான் இடது கையால் அழுத்திப் பிடித்தார்.

"போதகரைக் கூப்பிடுங்க, பாவத்தைச் சொல்லணும்" என்று வெட்டுப்பட்டவர் அலறினார்.

"அவரு வர்றவரைக்கும் தாங்காதுங்க. நானும் ஞானஸ்நானம் வாங்கினவதான், அவசரத்துக்கு நானும் கேக்கலாம், எங்கிட்ட சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

வலது கையைத் துடைத்து வெட்டுப்பட்டவரின் தலையில் வைத்தார். அவர் அந்த அம்மாவின் காதோடு ஏதோ சொன்னார்.

"ஆண்டவர் மன்னிச்சுட்டாரு, நிம்மதியா போங்க."

உயிர் போனது.

பிறகு வந்த போதகர், "என்ன சொன்னான்?" என்று அதட்டினார்.

"உங்ககிட்ட சொல்லியிருந்தா எங்கிட்ட சொல்லுவீங்களா ஐயா?"

மாலைவரை ரத்தம் படிந்த அந்த இடது கையை மட்டும் அந்த அம்மா துடைக்கவே இல்லை. ஏனென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.