சத்யவாணி டாக்கீஸில் பெண்கள் பக்கம்

நம்பாவிட்டால் போங்கள். வாதாட எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது. இரவில்கூட இல்லை, பட்டப்பகலில், மேட்னி நேரத்தில்.

தெலுங்குக் கடற்கரையில், பீமிலிப் பக்கம் எங்கள் ஊரில் இருப்பது ஒரே கொட்டகை, சத்யவாணி டாக்கீஸ். பூட்டிக் கிடந்ததை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் பார்த்தார்கள். நான்தான் குறுக்கே விழுந்து தடுத்தேன். கூரை, திரை, நாற்காலி என்று வருடக்கணக்கில் அலைச்சல். கமிட்டி என்று சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று நான் மட்டும் மிஞ்சினேன். இது நடந்ததற்கு மறுநாள் லைசென்ஸ் அதிகாரி வருவதாக இருந்தது. அவர் தலையாட்டினால் படம் ஓடும். இல்லாவிட்டால் இடிக்கிற வண்டி வந்து நிற்கும்.

அன்று மதியம் மெஷினை ஓட்டிப் பார்த்தோம். மேலே ஆபரேட்டர் அப்பலநாயுடு. கீழே நான் ஒருவன்.

"ராஜு அண்ணே, தூங்கிடாதீங்க! நீங்க விடுற குறட்டையைப் படத்தோட சவுண்டுன்னு நெனச்சுக்குவேன்!" என்று மேலிருந்து கத்தினான்.

சிரிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

கதவுகளைச் சாத்தினோம். இருட்டு. சத்தமில்லாமல் படம் ஓடியது.

அப்போதுதான் கேட்டது.

கிரீச்... கிரீச்...

பெண்கள் பக்கம். எங்கள் கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு சுவர் உண்டு. அந்தப் பக்கத்துத் தூண்களில் இரும்புக் கொக்கிகள் இருந்தன. கைக்குழந்தைக்காரிகள் அதில் பழைய சேலையைத் தொட்டிலாகக் கட்டி, ஆட்டிக்கொண்டே படம் பார்ப்பார்கள். அதிகாரி கண்ணில் பட்டால் வம்பு என்று, முந்தின நாள்தான் எல்லாக் கொக்கிகளையும் அறுத்துப் போட்டிருந்தேன்.

அப்படியானால் எது ஆடுகிறது?

எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். வெறும் தரை. மொட்டைத் தூண்கள்.

கிரீச்... கிரீச்...

மஞ்சள் வாசனை. கூடவே தாய்ப்பால் வாசனை. ஓடியிருக்க வேண்டும். எனக்கோ தூக்கம் வந்தது. இத்தனை வருட அலுப்பும் ஒரேயடியாகக் கண்ணில் இறங்கியது. அப்படியே தூணடியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு கை என் முதுகைத் தட்டியது. மெதுவாக.

"கன்னையா..."

என் பெயர் நூக்கராஜு.

"கன்னையா... வந்துட்டியா..."

கை நிற்கவில்லை...

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவள் கை நின்றது.

"என்ன பேரு சொன்னா?"

"கன்னையா."

அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள்.

"கொட்டகையில தீப்பிடிச்ச அன்னிக்கு நானும் தொட்டில் கட்டியிருந்தேன், நாயனா. மேல ஃபிலிம் பத்திக்கிச்சு. ஒரே புகை. கண்ணு தெரியல. கைக்கு அம்பிட்ட தொட்டில்ல இருந்து புள்ளையை வாரிக்கிட்டு ஓடியாந்தேன். பக்கத்துத் தொட்டில்காரி ஒருத்தி, வெளியூர்க்காரி. 'கன்னையா, கன்னையா'ன்னு கத்திக்கிட்டே திரும்ப உள்ள ஓடுனா. வெளிச்சத்துக்கு வந்துதான் என் கையில இருந்த புள்ளையை நான் பாத்தேன்."

"அந்தம்மா?"

"தூக்கிட்டு வந்து மணல்ல கெடத்துனாங்க. மூச்சு இல்ல."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவ மார்ல அணைச்சிருந்தது என் நூக்கராஜுவை. அவனுக்கும் மூச்சு இல்ல. நான் வாயைத் திறக்கல, நாயனா. உன்னைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்."

மறுநாள் அதிகாரி வந்தார். தலையாட்டினார். கொட்டகை பிழைத்தது. இப்போது தினமும் மேட்னி ஓடுகிறது. கூட்டம் இல்லாத நாட்களில் நான் பெண்கள் பக்கம் போய் அந்தத் தூணடியில் உட்காருகிறேன். கை வருகிறது, தட்டுகிறது. பயம் போய்விட்டது. நன்றாகத் தூங்குகிறேன்.

வீட்டில் அம்மா "நூக்கராஜு" என்று கூப்பிடும்போதுதான் உடம்பு சில்லிட்டுப் போகிறது.