மஞ்சள் படாத மூலை

தேகு நகரத்து மா ஹேரானுக்கு நாற்பத்து நான்கு வயது. பத்தொன்பது வருடமாகச் சின்னதொரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. வரைவது அவள், கையெழுத்துப் போடுவது உரிமம் வைத்திருக்கும் முதலாளி. உரிமத் தேர்வின் மூன்று தாள்களில் இரண்டைத் தாண்டிவிட்டாள். மனையை ஆராய்ந்து கட்டடத்தை எங்கே வைப்பது என்று வரைந்து காட்டும் தாள் மட்டும் நான்கு முறை காலை வாரிவிட்டது. இந்த முறையும் போனால் தேறிய இரண்டும் செல்லாது. மறுபடி முதலிலிருந்து.

இத்தனைக்கும் மனை என்றால் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவாள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பாள். அந்தப் பாழாய்ப்போன அறிவுதான் தேர்வறையில் அவளுக்கு எமன்.

"போன தடவை கட்டடத்தை ஏன்க்கா ஆறு மீட்டர் பின்னால தள்ளுனீங்க?" என்றான் தோ கிவுன். அதே அலுவலகத்துக்காரன், பன்னிரண்டு வயது இளையவன், போன வருடமே தேறியவன்.

"பக்கத்துல ஓடை இருந்துச்சே. வெள்ளம் வந்தா?"

"கேள்வியில வெள்ளம் வந்துச்சா?"

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடா."

"பரீட்சையில ஏட்டுச் சுரைக்காயைத்தான்க்கா சமைக்கணும். மொதல்ல வடக்கு எங்கன்னு பாருங்க. ஒவ்வொரு நிபந்தனைக்கும் மஞ்சப் பேனா போடுங்க, வரைஞ்சதும் அது மேல கோடு போட்டு அடிச்சிடுங்க. மஞ்சள் படாதது அந்த மனையில இல்லவே இல்ல."

தேர்வு நாளன்று வரைபலகையைச் சுமந்துகொண்டு தேர்வறைக்குப் போனாள். கேள்வியில் சரிவான மனை, முதியோர் மையம். வடக்கைப் பார்த்தாள், நிபந்தனைகளுக்கு மஞ்சள் போட்டாள். பின்வீட்டு வெயிலை மறைக்காமல் இடைவெளி விட்டாள், அடித்தாள். பழைய மரத்தின் நிழலைத் தொடாமல் ஒதுங்கினாள், அடித்தாள். கடைசி நிபந்தனை: வாசல் தென்கிழக்குச் சாலையின் மட்டத்தில் இருக்க வேண்டும். அந்த மூலைதான் மனையிலேயே பள்ளம். சரிவெல்லாம் அங்கேதான் இறங்கியது. தண்ணீரைப் பற்றிக் கேள்வியில் ஒரு சொல் இல்லை.

கை தானாகக் கட்டடத்தை மேட்டுக்கு இழுத்தது. அழித்தாள். இருப்புக் கொள்ளவில்லை. மறுபடி இழுத்தாள், மறுபடி அழித்தாள். தாள் கறுத்தது. இன்னும் நாற்பதே நிமிடம். பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளத்திலேயே வாசலை வைத்தாள்.

முடிவு வந்த அன்று கிவுன்தான் திரையைப் பார்த்துக் கத்தினான்: "அறுபத்து மூணு! தேறிட்டீங்க!" அலுவலகமே கைதட்டியது. ஹேரான் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷம்தான், ஆனால் அது மட்டும் இல்லை.

"அந்த வாசல்ல மழை பெஞ்சா வயசானவங்க வழுக்கி விழுவாங்கடா."

"எந்த வயசானவங்க? அது வெறும் காகிதம்க்கா!"

"தெரியும்." மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேசைக்கடியில் கிடந்த பூட்ஸை இழுத்தாள். "இனிமே கையெழுத்து என்னோடது. மஞ்சள் படாததுக்கும் நான்தானே பதில் சொல்லணும்?"