வாசலில் இறங்கிய விமானம்

என் சித்தப்பா என்னை அடித்தது ஒரே ஒரு முறைதான். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

சித்தப்பா, விமானங்கள் வந்து இறங்கும் போர்க்கப்பலில் வேலை பார்த்தார். விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் பீங்கான் பொம்மை செய்பவர்கள்; கடலைப் பார்த்தவர்களே குறைவு. அதனால் அவர் லீவில் வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். அந்த முறை மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. மறுநாள் கிளம்பவேண்டும், பெட்டியில் ஒரு சட்டைகூட வைக்கவில்லை.

"என்னாடா, போற எண்ணம் இருக்குதா இல்லியா?" என்று அப்பா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சித்தப்பா வாசலுக்கு வந்து, சுண்ணாம்புக்கட்டியால் எங்களுக்கு ஒரு கப்பல் தளம் வரைந்தார். விமானம் இறங்கும் பாதையை மட்டும் சாய்வாக இழுத்தார்.

"ஏன் சித்தப்பா கோணலா போடறீங்க?" என்றான் அண்ணன்.

"நேரா போட்டா, நிக்காத பிளேன் முன்னால நிக்கிற பிளேன் மேல மோதிரும். கோணலா இருந்தா கடல் பக்கம் போயிடும். சக்கரம் பட்டதுமே இஞ்சினை முழுசா முடுக்குவாங்க. குறுக்க கட்டின கம்பியில பிளேனோட கொக்கி மாட்டினா நின்னுரும்; மாட்டலன்னா திரும்பப் பறந்துரலாம்."

இறங்கும்போதா வேகத்தைக் கூட்டுவார்கள்?

கம்பிக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் டியூப்களை முடிந்து பாதையின் குறுக்கே போட்டார். ஒரு முனை வேப்பமரத்தில், மறுமுனை அவர் கையில். அண்ணன்தான் விமானம். அவன் இடுப்புக் கயிற்றில் வாளிக்கொக்கி பின்னால் இழுபட்டது. பலகைகளில் காய்ந்துகொண்டிருந்த குதிரைப் பொம்மைகள்தான் முன்னால் நிற்கும் விமானங்கள்.

அண்ணன் ஓடிவந்தான். கொக்கி மாட்டியது. டியூப் விண்ணென்று இழுபட்டது. அவன் கால் பட்டுப் பலகை ஆட, ஒரு குதிரை பாதையில் உருண்டது.

எங்கள் வீட்டில் பிள்ளை விழுந்தால் பிறகு தூக்குவார்கள். சூளையில் சுடாத பச்சைப் பொம்மை விழுந்தால் உடனே பிடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் நான் இழுபட்ட டியூபைத் தாண்டிப் பாய்ந்து குதிரையை எடுத்தேன்.

கன்னத்தில் அறை விழுந்தது. குதிரை என் கைக்குள்ளேயே நசுங்கியது. எனக்கு அழக்கூட வரவில்லை. அடித்த சித்தப்பாவே மண்டியிட்டு, என் முழங்காலிலிருந்து பாதம்வரை தடவித் தடவிப் பார்த்தார்.

சத்தம் கேட்டு வந்த அப்பா அவரைச் சூளைப் பக்கம் அழைத்துப்போனார். திரும்பி வந்தபோது அப்பாவின் குரலே மாறியிருந்தது.

"லீவ நீட்டிக் கேளேன்டா."

"வேணாண்ணே. நான் போவலன்னா அந்த எடத்துல வேற ஒருத்தன் நிக்கணும்."

அந்த லீவுக்குச் சற்று முன்பு கப்பலில் கம்பி அறுந்து, சித்தப்பாவின் பக்கத்தில் நின்றவருக்கு இரண்டு கால்களும் போய்விட்டதை, எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னார். போன வாரம் என் மகன் செல்போனில் அப்படி ஒரு கப்பலைக் காட்டினான். விமானம் இறங்கும்வரைகூட என்னால் பார்க்க முடியவில்லை.

என்னை அடித்த மறுநாள் காலை சித்தப்பா கிளம்பினார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கதவின் அடியில் தெரிந்த என் கால்களைப் பார்த்து, "போயிட்டு வரேன்மா" என்றார். சற்று நேரம் அங்கேயே குனிந்து நின்றார்.

குதிரையை உடைத்த கோபம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார் என்று நினைத்து, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டேன்.