மேடைக்கு வாங்கிய லேப்டாப்

மூன்று வாரம் லேப்டாப் தேடி அலைந்தேன். அலைந்தேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து, ஷேர் ஆட்டோவில் தூங்கி வழிந்து, இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டு, அங்கிருந்து கடைக்குத் திரும்பி நடந்தேன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

பிழைப்புக்குக் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஆப்பரேட்டர். விசேஷ நாட்களில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். என் பழைய கீபோர்டில் நடுவில் நாலு கட்டைகள் செத்துப்போயிருந்தன. குழுவை நடத்தும் அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொல்லிவிட்டார்.

"இன்னாப்பா, ஒவ்வொரு புரோகிராமும் இப்டியே பண்ணிக்கினு கீற? ட்ராக்கு எல்லாம் என் போன்லயே கீது. போட்டுவுட்டா அது பாட்டுக்கு ஓடும். இன்னொரு வாட்டி சொதப்புன, அவ்ளோதான்."

பாட்டுக்குப் பின்னால் வரும் இசை மொத்தமும் பதிவாக அவர் போனில் இருந்தது. தபேலாக்காரர், புல்லாங்குழல்காரர் எல்லோரும் அந்தப் போனுக்கு இடம் விட்டு வீட்டுக்குப் போனவர்கள்தான். அடுத்தது நான். மேடை போனால் எனக்கு மிச்சம் பிரஸ் மெஷினும் தூக்கமும் மட்டுமே.

முழுக் கீபோர்டு வாங்க வசதியில்லை. கட்டைகள் மட்டும் இருக்கும் சின்னக் கீபோர்டு ஒன்றை வாங்கியிருந்தேன். அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. லேப்டாப்பில் செருகினால் வயலின், வீணை எல்லாம் லேப்டாப்பிலிருந்து வரும். அதனால் லேப்டாப் நடுவில் திக்கக் கூடாது. இதைக் கடைக்காரருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது.

"கேமிங்கா, ஆபீஸ் வேலையாண்ணா?"

"பாட்டு."

"பாட்டு கேக்க எதுக்குண்ணா இவ்ளோ பெருசு?"

கையோடு கொண்டுபோயிருந்த சின்னக் கீபோர்டைச் செருகி வாசித்துக் காட்டினேன். கலர் விளக்கு எரிகிற ஒன்று நன்றாகத்தான் ஓடியது, ஆனால் உள்ளே விசிறி போட்ட சத்தத்தில் வீணையே கேட்கவில்லை. ஒல்லியான இன்னொன்றில் கட்டையை அழுத்தினால் சத்தம் யோசித்துவிட்டு வந்தது. கடைசியாக, ஏதோ ஆபீஸ் ஓட்டித் தள்ளிய தடித்த கறுப்பு லேப்டாப் ஒன்றை எடுத்து வைத்தார். மூடியெல்லாம் கீறல். ஆனால் ஒயர் ஆடாமல் உட்கார்ந்தது. பத்து விரலையும் வைத்தேன், பிசிறு தட்டவில்லை. ஹெட்போனோடு அப்படியே ஸ்டூலில் தூங்கிவிட்டேன். கடைக்காரர் தோளைத் தட்டியபோது கை கட்டைகள் மேலேயே கிடந்தது, சத்தமும் அறுபடாமல் வந்துகொண்டிருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கும்போது என் ஆயுதம் மட்டும் ஏன் வீட்டில் கிடக்க வேண்டும் என்று லேப்டாப்பையும் கொண்டுபோனேன். பூஜைக்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டுமே! எங்கள் லைனில் கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சும் ஏர் கன் அடிக்காத பொருள் கிடையாது. மெஷின், சட்டை, தலைமுடி, டிபன் பாக்ஸ் மூடி எல்லாவற்றுக்கும் அதே காற்றுதான். லேப்டாப்பின் காற்றுத் துளையில் குழாயை வைத்து ஒரே அழுத்து. உள்ளே விசிறி ஒய்யென்று கத்தி அடங்கியது. ஒரு பிடி தூசி பறந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது தெரியாமல் நான் பெருமையாகச் சந்தனம் வைத்தேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. விஜயதசமி காலையில் மெஷின்களை ஓட்டித் தொடங்கினோம். முதல் ஷிப்ட் முடித்து, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேராகப் படப்பை. புதிதாக வீடுகள் வந்த நகர் ஒன்றில் நவராத்திரி நிறைவு விழா. அன்று என் மனைவியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் லேப்டாப்பைத் திறந்தால் விசிறிச் சத்தமே இல்லை. சுத்தம் செய்ததன் பலன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாவது பாட்டில் வயலின் கரகரத்தது. பிறகு திரை கறுத்தது. அடியில் கை வைத்தேன், தோசைக்கல். துளையில் காற்றே வரவில்லை. ஏர் கன் வேகத்தில் விசிறி உடைந்துபோயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. நான் தேடித் தேடி எடுத்ததை நானே கொன்றிருக்கிறேன்.

அண்ணன் பாடியபடியே குனிந்து போனைச் செருகினார். இரண்டு விநாடி இடைவெளி, அவ்வளவுதான். கூட்டத்துக்கு எதுவும் தெரியவில்லை. நான் இறங்கப் பார்த்தேன். மைக்கை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார்.

"எறங்காத. அஞ்சு பேருன்னு சொல்லி புக் பண்ணிக்கீறேன். வாசிக்கிற மாதிரியே நில்லு."

நின்றேன். மிச்சமிருந்த பத்துப் பாட்டுக்கும் விரல்கள் சரியான கட்டைகளைத்தான் தொட்டன. வேறு மாதிரி அவற்றுக்குத் தெரியாது. கட்டைகளின் தடதட சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. காலையிலிருந்து நின்ற கால் வலியைவிட அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

முடிந்து இறங்கியதும் மனைவி ஓடி வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"இன்னிக்குத்தாங்க ஒரு தப்புகூட இல்லாம வாசிச்சீங்க. லேப்டாப்பு வாங்குனது நல்லதாப் போச்சு."

சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். கோபமாகக்கூட இல்லை.

"அடுத்து சிங்கப்பெருமாள் கோவில்ல ஒண்ணு கீது. வந்துடு. இதே மாதிரி நின்னாப் போதும், லேப்டாப்பெல்லாம் வாணாம்."

அவள் சிரிப்பு நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வரேண்ணே" என்றேன்.