பன்னிரண்டாம் ஆணியில் தொங்கிய கிடார்

ஹென்னிங் ஆல்முக்கு அலுத்துப் போயிருந்தது. லிண்டால் கிடார் தொழிற்சாலையை இழுத்து மூடி முப்பது வருடத்துக்கு மேலாகியும் அது அவரை விட்டபாடில்லை. ஸ்வீடனின் ஸ்மோலண்ட் பக்கம் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பரணை ஒழிக்கும்போது ஒரு பழைய கிடார் அகப்படும். அது நேராக அவர் வாசலுக்கு வந்து சேரும். எந்த வருஷத்துக் கிடார் என்று கேட்பார்கள். கேட்கிறவர்களிடமே பதிலும் தயாராக இருக்கும்: தாத்தா இளவட்டமாக இருந்தபோது வாங்கியது, உலகப் போருக்கு முந்தியது. ஹென்னிங் கிடாரைக் குப்புறத் திருப்பி, தலையின் பின்புறம் குத்தியிருக்கும் எண்ணைப் பார்த்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் செய்தது என்பார். வந்தவர் முகம் தொங்கிப்போகும். என்னவோ ஹென்னிங்கே தங்கள் தாத்தாவைத் திருடிக்கொண்ட மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள்.

"இந்த வட்டாரத்துத் தாத்தாக்களுக்கெல்லாம் முப்பது வயசைக் கொறச்சுவிட்டவன் நான்தான்" என்று தன் அக்கா அஸ்டாவிடம் சொல்லிக்கொள்வார்.

தொழிற்சாலையில் அவருக்குக் கழுத்து மாட்டும் வேலை. லிண்டால் கிடாரின் கழுத்தைப் பசை வைத்து ஒட்டுவதில்லை, ஒரே ஒரு பெரிய திருகாணிதான். கிடாரின் எண் இரண்டு இடத்தில் இருக்கும். கழுத்தின் உச்சியிலுள்ள தலையில் குத்தியிருக்கும், வயிற்றுக்குள் ஒட்டிய சீட்டிலும் எழுதியிருக்கும். சீட்டைப் படிக்க விளக்கு வேண்டும், கண்ணாடி வேண்டும், குனிய வேண்டும். அறுபத்தாறு வயதில் அதெல்லாம் யாருக்கு முடிகிறது? தலையைப் பார்த்தே சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிடுவார்.

அந்த நவம்பரில் பெத்தேல் ஜெபவீட்டை விற்கப்போவதாகச் செய்தி வந்தது. பாடவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. ஸ்டாக்ஹோம் தம்பதி ஒன்று வாங்கிக் குடியிருக்கப் போகிறதாம், சாமானெல்லாம் சனிக்கிழமை ஏலமாம். செய்தி வந்த அன்று காலையே அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை.

"என் கிடார் அங்க இருக்கான்னு பாரு. இருந்தா எனக்கு வேணும்."

அந்தக் கிடாரைப் பற்றி அக்கா வாய் திறந்து ஐம்பது வருடம் இருக்கும்.

பெத்தேலில் பெண்களுக்கென்று ஒரு கிடார்க் குழு இருந்தது. ஞாயிறுதோறும் இரண்டு வரிசையாக நின்று, பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி கிடாரை மீட்டிப் பாடுவார்கள். சபை அந்தப் பன்னிரண்டையும் லிண்டாலில் மொத்தமாக வாங்கியது ஐம்பத்தைந்தில். கிடார் சபையின் சொத்து, ஆண்டவருக்கு மட்டுமே ஒலிக்க வேண்டியது. இருபது வயது அஸ்டா என்ன செய்தாள்? கோடைத் திருநாள் இரவில் அதைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை நடன மேடைக்குப் போய், விடிய விடிய வாசித்தாள். மூப்பர்கள் கூடினார்கள். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேள், இல்லையென்றால் கிடாரை வைத்துவிட்டுப் போ என்றார்கள். குழுவின் தலைவி ஹுல்டா. ஹுல்டா வேறு யாருமில்லை, அஸ்டாவையும் ஹென்னிங்கையும் பெற்ற தாய்தான். அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாளே தவிர ஒரு சொல் சொல்லவில்லை.

"நல்லாத் துடைச்சு, அலுங்காம அவங்க கையில குடுத்துட்டு வந்தேன்" என்றுதான் அக்கா அன்றைக்கு ஹென்னிங்கிடம் சொன்னாள். அதன் பிறகு தாயும் மகளும் பேசிக்கொள்ளவே இல்லை. எழுபத்தொன்றில் ஹுல்டாவை அடக்கம் செய்தபோது அஸ்டா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, காப்பிக்கு நிற்காமல் போய்விட்டாள். சாவுக் காப்பி குடிக்காமல் போவதென்றால் இந்த ஊரில் சின்ன விஷயமா?

ஜெபவீட்டுச் சாவி ஹெல்விக்கிடம் இருந்தது. அந்தக் காலக் குழுவில் அக்காவைத் தவிர உயிரோடு மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். சுவரில் பன்னிரண்டு ஆணி, பன்னிரண்டு கிடார். ஹென்னிங் ஒவ்வொன்றாக இறக்கித் தலையைப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்தைந்தில் செய்தவை. எண்கள் வரிசையாக வந்தன, நடுவில் ஒன்று மட்டும் இல்லை. கடைசி ஆணியில் இருந்தது அறுபத்து நாலில் செய்தது. உள்ளே சீட்டைப் பார்க்கலாமென்றால், எல்லாக் கிடாரிலும் தொழிற்சாலைச் சீட்டின் மேலேயே 'பெத்தேல் சபைக்குச் சொந்தம்' என்று சபை தன் சீட்டை ஒட்டிவைத்திருந்தது. இந்த ஜெபவீட்டுக்காரர்களுக்கு எதையாவது ஒட்டாவிட்டால் தூக்கம் வராது. முழங்கால் வேறு விண்ணென்று வலித்தது. அக்காவுடையது தொலைந்திருக்கும், அதற்குப் பதில் பிறகு புதுசு வாங்கியிருப்பார்கள் என்று முடிவு கட்டிவிட்டு ஏரியைச் சுற்றி அக்கா வீட்டுக்கு வண்டியை விட்டார்.

அக்கா காப்பி ஊற்றினாள். விரல் கணுக்கள் வீங்கிக் கிடந்தன. விஷயத்தைக் கேட்டதும் ஏலக்காய் ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப எரிச்சிருப்பாங்க. அதுவும் சரிதான். விறகுக்குத்தான் லாயக்கா இருந்துது."

"என்னக்கா சொல்றே? துடைச்சுக் குடுத்தேன்னியே?"

"துடைச்சுமில்ல, ஒண்ணுமில்ல. ஜெபவீட்டுப் படிக்கட்டுல ஓங்கி அடிச்சேன். கழுத்து முறிஞ்சு தனியா வந்துடுச்சு. ரெண்டு துண்டையும் அம்மா மடியில போட்டுட்டு வந்தேன்."

ஹென்னிங் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். இளமை முழுக்கக் கழுத்து மாட்டிய மனிதர். கழுத்தை மாற்றினால் தலையும் மாறும், தலையோடு எண்ணும் மாறும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். அக்காவின் பொய்யையும் நம்பி, தன் சோம்பலையும் நம்பியதால் வந்த வினை. தன்னையே திட்டிக்கொண்டு திரும்ப ஏரியைச் சுற்றினார்.

ஹெல்விக் அப்போதுதான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். மறுபடி திறக்கச் சொன்னதற்கு முனகிக்கொண்டே சமையலறையில் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். ஹென்னிங் கடைசி ஆணிக் கிடாரின் தந்திகளைத் தளர்த்தி, வெந்நீரில் நனைத்த துணியை உள்ளே விட்டுச் சபையின் சீட்டை ஊறவைத்துப் பொறுமையாக உரித்தார். அடியில் தொழிற்சாலைச் சீட்டு. கண்ணாடியைப் போட்டு, விளக்கடித்துப் பார்த்தார். வரிசையில் விட்டுப்போன அந்த எண் இருந்தது. உடம்பு ஐம்பத்தைந்து, கழுத்து அறுபத்து நாலு.

அவர் தந்திகளுக்கு அடியில் விரலை ஓட்டினார். மற்ற பதினொன்றிலும் கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிக்கட்டைகளில் தந்தி பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்திருந்தது. இதில் ஒரு கீறல்கூட இல்லை.

"இதை யாரும் வாசிக்கலையா?" என்று கேட்டார்.

ஹெல்விக் சற்று யோசித்தார். குழுவில் சேர்ந்த புதிதில் அவர் ஒரு தடவை இதைக் கையில் எடுத்தாராம். ஹுல்டா வந்து வாங்கி மாட்டிவிட்டாளாம். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவளே இறக்கித் துடைத்து, சுருதி கூட்டி, திரும்ப மாட்டுவாளாம்.

"'அத வைம்மா, அதுக்கு ஆள் இருக்கு'ன்னாங்க. யாருன்னு கேக்க எங்களுக்குத் தைரியம் வரல. அவங்க போன பிறகும் அப்படியே விட்டுட்டோம்" என்றார் ஹெல்விக். பிறகு தன் கழுத்துத் துண்டை அவிழ்த்துக் கிடாரைச் சுற்றி, ஈரம் படாமல் கொண்டுபோங்கள் என்றார். ஏலத்தைப் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை.

அக்கா துண்டை அவிழ்த்தாள். தந்தி முறுக்கும் புது முளைகள், கீறல் படாத கழுத்து, கீழே பழைய உடம்பு. ஓரத்தில் படிக்கல்லில் பட்டு நசுங்கிய வடு அப்படியே இருந்தது. அவள் அதைத்தான் முதலில் தடவினாள். ஹென்னிங் எல்லாவற்றையும் சொன்னார். 'அதுக்கு ஆள் இருக்கு' என்று அம்மா சொன்னதையும் விடவில்லை.

அக்காவுக்குக் கோபம் வந்தது. முகம் சிவக்கச் சிவக்க வந்தது.

"கிடாருக்குக் கழுத்து மாத்தத் தெரிஞ்சுது. வருஷா வருஷம் சுருதி கூட்டத் தெரிஞ்சுது. ஏரி உறைஞ்சா நடந்தே வந்திருக்கலாம்டா. என் கதவ ஒரு தடவ தட்டத் தெரியல அவளுக்கு."

ஹென்னிங் அலுப்போடு ஜன்னலைப் பார்த்தார். அக்கரையில் ஜெபவீட்டின் கூரை தெரிந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அன்றைக்கு அவருக்கு எதையும் பாதி பார்த்துவிட்டு விட முடியவில்லை.

"உறைஞ்ச ஏரியில அந்தப் பக்கத்துலேருந்து மட்டுமா நடக்க முடியும் அக்கா?"

அக்கா கிடாரை நிமிர்த்தினாள். வீங்கிய விரல்களைத் தந்தியின் மேல் மடக்கப் பார்த்தாள், மடங்கவில்லை. கிடாரை மடியில் குப்புறப் போட்டு அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

"இல்ல. நானும் தட்டல" என்றாள்.

ஹென்னிங் எழுந்து, சுவரில் ஆணி அடிக்கச் சுத்தியல் எங்கே என்று கேட்டார். அதெல்லாம் வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும் என்றாள் அக்கா.