ஸ்லாத்தினா மறைத்த நாலு நாள்

பல்கேரியாவில், டான்யூப் கரை ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் ஸ்லாத்தினா பதினேழு வருஷமாகத் தரை துடைத்தாள். கொரோனா வந்ததும் பிரசவ வார்டில் ஒரு மூலையைத் தொற்றுள்ள தாய்மாருக்கென ஒதுக்கி, அவளை அங்கே தள்ளிவிட்டார்கள். டாக்டர் வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். நர்ஸ் ஒருத்திக்கு இரண்டு மாடி. உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் குனிகிறவள் இவள் ஒருத்திதான். அதற்காகச் சம்பளத்தைக் கூட்டினார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அங்கே படுத்திருந்த இவைலாவுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்து அன்று இரண்டாம் நாள். குழந்தை மேல்மாடியில். தொற்று நீங்கி, உடம்பும் தேறினால்தான் இருவரையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அதுவரை பிள்ளை முகத்தை அவள் போனில்தான் பார்க்கவேண்டும்.

“அக்கா, இந்தத் துணியெல்லாம் நர்ஸ் கண்ணுல படாம எடுத்துட்டுப் போயிடுங்க. ரத்தம் கொஞ்சம் கூடத்தான் போகுது. சொன்னா என்னைப் பிடிச்சு வச்சுக்குவாங்க.”

“கொஞ்சமாடி இது? ஒரே நாள்ல எட்டுத் துணி.”

“உங்க பிள்ளைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?”

அந்தக் கேள்விதான் ஸ்லாத்தினாவைக் கவிழ்த்தது. அவள் மகன் ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறான். பார்த்து மூன்று வருஷம். துணிகளைக் கறுப்புப் பையில் சுருட்டிக்கொண்டு போனாள். மறுநாள், இவைலாவின் வெளுப்பு தெரியாதிருக்கத் தன் உதட்டுச் சாயத்தையும் கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டர் எட்டிப் பார்த்து, “நல்லாத்தானே இருக்கே. மூச்சு வாங்குறது கொரோனா களைப்பு, சரியாயிடும்” என்றார். அவர் போனதும் இருவரும் சிரித்தார்கள். படுபாவிகள், சிரித்தார்கள்.

ஆறாம் நாள் காலை கழிவறை வாசலில் இவைலா விழுந்து கிடந்தாள். ஈறுகூட வெளுத்திருந்தது. ஸ்லாத்தினா வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“டாக்டர், நாலு நாளா அவளுக்கு ரத்தம் நிக்கல. நான்தான் துணியை மறைச்சேன்.”

“உனக்குப் புத்தி இருக்கா?” என்று கத்திக்கொண்டே டாக்டர் வார்டுக்குள் ஓடினார், முதல் தடவையாக.

மூன்று பை ரத்தம் ஏற்றினார்கள். உயிர் தங்கியது. ஆனால் நாலடி நடந்தால் தலை சுற்றியது, பாலும் வற்றிவிட்டது. அவளுக்குத் தொற்று இல்லையென்று முடிவு வந்த அன்று, அவள் மாமியார் வந்து குழந்தையை மட்டும் புட்டிப்பாலோடு தூக்கிப் போனாள்.

காட்டிக் கொடுத்துவிட்டாயே என்று திட்டுவாள் எனப் பயந்தபடி ஸ்லாத்தினா உள்ளே போனாள். வேலை போகுமே என்ற பயம்கூட அவ்வளவு இல்லை.

இவைலா சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நானும் என் பிள்ளையோட போயிருப்பேன்ல, அக்கா?”

“போயிருப்பே” என்றாள் ஸ்லாத்தினா.